சிறுமனையும் நிறைமனமும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவுக்கு வயிறே எல்லை வகுத்துள்ளது. பசி தீர்ந்தபின் அமிழ்தமே வரினும் வேண்டாம் என்று உடம்பு மறுத்துவிடும். உடைக்கும் ஓரளவு எல்லையுண்டு. ஒருவன் ஒரே வேளையில் பத்து வேட்டிகளை உடுத்தல் இயலாது. உறையுளுக்கோ அத்தகைய இயற்கை எல்லை யாதும் இல்லை. ஓர் அறை உள்ளவன் இரண்டை விழைகின்றான். இரண்டு உள்ளவன் மாடியை நோக்குகின்றான். மாடி எழுப்பியவன் அயல் வளவில் எழும் மாடியின் உயரத்தைக் கண்ணால் அளக்கின்றான். ஆகவே வீட்டைப் பொறுத்தவரையில் 'போதும்' என்று சொல்லும் பொறுப்பு உடம்பினிடத்து இல்லை, மனத்தினிடத்தே உள்ளது.

போதுமென்ற மனத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனைத் துறவிக்குரிய குணமாகவே எடுத்துரைப்பர். இல்லறத்தான் ஒருவன் மனைவி மக்களோடு வாழும்போது அக்குணம் எவ்வாறு செயற்படும் என்பதை அவர் விளக்குதல் அரிது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டிலே அது தனியொருவரின் நோன்பாக நில்லாது, உடன்பிறந்தார் அனைவர்க்கும் நிழல் கிடைக்கச் செய்யும் பங்கீட்டு முறையாகவே நெடுங்காலம் வாழ்ந்தது. அம்முறையின் இயல்பையும், அது தளர்ந்தவிடத்து விளைந்த துன்பத்தையும் ஈண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

வாவிக்கரை வீடு

வடக்கே ஏறாவூர்ப் பகுதி முதல் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடும் விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையிலே தென்னையும் மீன்பிடியும், படும் கரையிலே நெல்லும் மாடும் என இருகரை மக்களும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்துவந்தனர்.

இந்நிலத்தின் பழைய வீடு இந்நிலத்திலிருந்தே எழுந்தது. காட்டுத்தடி நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் குழைத்து அப்பிய சுவர். தென்னங்கிடுகாலோ இலுக்குப் புல்லாலோ வேய்ந்த கூரை. சாணத்தால் மெழுகிய தரை. முன்புறம் ஒரு திண்ணை. வீட்டைச் சுற்றித் தாழ்ந்திறங்கும் தாவாரம். புறத்தே தனித்து நிற்கும் அடுக்களை. இவையனைத்தையும் அணைத்து நிற்கும் கிடுகு வேலி. இத்துணையே அவ்வீடு. தடித்த மண்சுவர் பகலின் வெம்மையை உள்ளே எளிதிற் புகவிடாது. தாழ்ந்த தாவாரம் வாடைக்காற்று மாரியின் சாரலைச் சுவரில் விழாது காக்கும். பரந்த முற்றமும் மாநிழலும் பகலில் இருக்கும் அறையாயின. திண்ணையோ விருந்தினர் கூடமாயிற்று. வீடு சிறிதெனினும் வளவு பெரிது. வாழ்க்கையிற் பெரும்பகுதி கூரைக்கு வெளியே நிகழ்ந்தமையால், கூரைக்குக் கீழே பேரிடம் வேண்டப்படவில்லை.

இவ்வீட்டுக்கு ஒரு குறையும் இருந்தது. கிடுகு நெடுநாள் நில்லாது. ஓரிரு மாரி கழிந்ததும் கூரையை மீள வேய்தல் வேண்டும். எனினும் அக்குறையே அயலாரைக் கூட்டிவைக்கும் நிமித்தமுமாயிற்று. கூரை வேயும் நாளில் உறவினரும் அயலவரும் வந்து கைகொடுப்பர். அவர் கூரை வேயும் நாளில் இவர் சென்று கைகொடுப்பர். பணம் புழங்காதவிடத்து உழைப்பே நாணயமாய்ச் சுழன்றது.

மகளுக்குரிய மனை

இந்நாட்டு வீட்டைப் பற்றிய தலையாய செய்தி அதன் கட்டுமானமன்று, அதன் உரிமையாகும். மட்டக்களப்பு நாட்டிற் குடி வழி தாய்வழியாகவே எண்ணப்படும். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். பழைய முக்குவர் வழக்கில் முதுசச் சொத்தும் பெண்வழியைத் தொடர்ந்தே இறங்கியது. இவ்வழக்கினைத் தொகுத்துக் கிறித்தோபர் பிரிட்டோ என்பார் 1876-ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டிற் பிறந்த சொத்துரிமைச் சட்டத்தினால் முக்குவர் வழக்கு நீதிமன்றத்தில் வலுவிழந்தது. ஆயினும் மக்கள் வாழ்வில் ஒரு கூறு அழியாது நின்றது. வீடும் வளவும் மகளுக்குரியன. திருமணம் முடிந்ததும் மணமகன் மனைவியின் வீட்டிற்கே வந்து வாழ்தல் வேண்டும் என்பதே அக்கூறு. வாவிக்கரைத் தமிழரிடையே மட்டுமன்றி, அவரோடு அயல் அயலாக வாழும் முஸ்லிம் மக்களிடையேயும் இவ்வழக்கு உண்டு. 1969-ஆம் ஆண்டு தொடக்கம் அக்கரைப்பற்றிலே கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார்.

இம்முறை இயங்கும் விதம் நுணுகி நோக்கத்தக்கது. மூத்த மகள் மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குக் கொடுப்பர். சிலகாலம் அவளோடிருந்து, பின்னர் அதே வளவிலோ அயல் வளவிலோ இன்னொரு வீடெழுப்பி, ஏனைய பிள்ளைகளோடு அதற்குப் பெயர்வர். அடுத்த மகள் மணமாகும்போது அவ்வீடும் அவளுக்காகும். இறுதியில் இளைய மகளின் வீட்டிலோ, அதன் பின்புறத்துச் சிறு கொட்டிலிலோ முதுமையைக் கழிப்பர். அண்ணன் தம்பியரும் தம் உழைப்பைத் தமக்கை தங்கையரின் வீட்டுக்கு இட்டபின்னரே தம் திருமணத்தைப் பற்றி எண்ணுவர். தமக்கையர் தங்கையரின் வீடுகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்றலால், ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவள் வேலியைக் கடந்து வருவதற்கு நேரம் செல்லாது. கணவன் இறப்பினும் பிரியினும் பெண்ணுக்குத் தன் கூரை தன்னதாகவே நிற்கும்.

இவ்வழக்கு நிலைபெறுவதற்கு இன்றியமையாத ஒரு நிபந்தனை உண்டு. வீடு சிறிதாயிருத்தல் வேண்டும். பெண்மக்கள் மூவரைப் பெற்ற குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் மூன்று வீடுகள் எழுப்பக் கடமைப்பட்டது. முதல் வீட்டிலேயே மூன்று வீடுகளின் பொருளைக் கொட்டிவிடின் இரண்டாம் மகளும் மூன்றாம் மகளும் எங்கே செல்வர்? மூத்தவளுக்கு மாடி எழுந்தால் இளையவளுக்கு மண்தான் எஞ்சும். எனவே மூத்தவள் சிறுமனையில் மனநிறைவோடிருத்தல் தன்னலமறுப்பு மட்டுமன்று. தங்கைக்குச் செய்யும் நீதியுமாகும். பெற்றோர் கட்டிய வீட்டைத் தாமே விட்டுப் பெயர்ந்தமையும் ஆழ்ந்த பொருளுடையது. தமக்கென்று கட்டாது, கொடுப்பதற்கென்றே கட்டியவர் அவர். கொடுப்பதற்கென்று கட்டப்படும் வீட்டில் ஆடம்பரம் தங்குவதற்கு இடமில்லை.

கண்ணகியின் சிற்றில்

இம்மக்கள் வழிபடும் தெய்வங்களை நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலே வைகாசித் திங்களிற் கண்ணகி அம்மனுக்குச் சடங்கும் குளிர்த்தியும் நிகழ்கின்றன. அக்காலத்திற் கண்ணகி வழக்குரை பாடப்படும். அத்தெய்வத்தின் வாழ்க்கையை இளங்கோவடிகள் அமைத்த முறையிலே இருவகை வீடுகள் எதிரெதிர் நிற்றல் காணலாம். புகாரிலே வணிகச் செல்வர் இல்லத்து உயர்ந்த மாடம் ஒன்று. மதுரையிலே ஆயர்குல மாதரி கொடுத்த, செம்மண் பூசி வேலியிட்ட சிறுமனை மற்றொன்று.

மாடத்திலே பொருளும் பணியாளரும் நிறைந்திருந்தும் கண்ணகி கணவனைப் பிரிந்து வருந்தினாள். சிறுமனையிலோ அவள் தன் கையாற் சமைத்து, ஓலைத் தடுக்கில் அவனை அமர்த்தி, வாழையிலையில் உணவு படைத்தாள். கோவலன் தன் பிழையை உணர்ந்து அவளிடம் மனந்திறந்து பேசியதும் அச்சிறுமனையிலேதான். அதன் பின் நேர்ந்த கொடுமை யாவரும் அறிந்தது. எனினும் அவ்விருவரும் இல்லறத்தின் இன்பத்தை மீண்டும் ஒருபொழுது நுகர்ந்த இடம் இரவல் பெற்ற மண்வீடே என்பது எண்ணற்பாலது. கண்ணகியைத் தாயெனப் போற்றும் மக்கள் மண்வீட்டை இழிவென்று கருதுதல் முரணாகும்.

மட்டக்களப்பு நாட்டு அடியார் பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் காட்டைக் கடந்து கால்நடையாகச் செல்லும் கதிர்காமமும் இதற்குச் சான்றாகும். வான் தொடும் கோபுரம் அங்கில்லை. திரையிட்ட, அலங்காரமற்ற சிறு கோயிலிலேயே முருகன் வழிபடப்படுகின்றான். கட்டடத்தின் சிறுமை அடியாரின் அன்பைக் குறைத்ததில்லை.

உலகம் கண்ட சான்றுகள்

வீட்டின் அளவைப் பற்றி மேனாட்டிற் சிந்தித்தோருள் அமெரிக்க அறிஞர் தோரோ குறிப்பிடத்தக்கவர். அவரும் ஒரு நீர்நிலையின் கரையையே தேர்ந்துகொண்டார். 1845-ஆம் ஆண்டிலே கொங்கோட் ஊருக்கு அருகேயுள்ள வால்டன் குளக்கரையிற் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமுங் கொண்ட வீடொன்றைத் தாமே கட்டி, இரண்டாண்டும் இரண்டு மாதமும் அங்கு வாழ்ந்தார். பழைய கொட்டிலொன்றை விலைக்கு வாங்கி அதன் பலகைகளைப் பயன்படுத்தினார். ஆணி முதலாகச் சாளரம் ஈறாகச் செலவனைத்தையும் கணக்கெழுதி, மொத்தம் 28 டொலர் 12½ சதம் என்று காட்டினார். அவர் பயின்ற கல்லூரியிலே மாணவன் ஒருவன் ஓரறைக்கு ஓராண்டில் இறுத்த வாடகை 30 டொலர்! ஒரு பொருளின் உண்மையான விலை, அதனைப் பெறுதற்கு மாற்றாகக் கொடுக்கப்படும் வாழ்நாளே என்பது அவர் கொள்கை.

காந்தியடிகள் 1936-ஆம் ஆண்டிலே வார்தாவுக்கு அருகேயுள்ள சேகாவோன் என்னும் சிற்றூரிற் குடியேறினார். பின்னர்ச் சேவாக்கிராமம் எனப் பெயர் பெற்றது அவ்வூரே. அங்குத் தமக்கு அமைக்கும் குடிலை அவ்வூர்ப் பொருள்களைக் கொண்டே கட்டுதல் வேண்டும், அதன் செலவு 100 ரூபாயைக் கடத்தலாகாது என்று அவர் வரையறுத்தார். இந்தியாவின் தலைவர் பலரும் வெளிநாட்டாரும் அம்மண்குடிலின் தரையில் அமர்ந்தே அவரோடு உரையாடினர்.

வாவிநாட்டுக்கு அணித்தான சான்று காரைதீவிலே 1892-ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தராவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். அத்தகையார் தமக்கென ஒரு மாளிகை எழுப்பினாரல்லர். கல்லடி உப்போடையிலே 1929-ஆம் ஆண்டு தோன்றிய சிவானந்த வித்தியாலயமே அவர் எழுப்பிய வீடு. 1947-ஆம் ஆண்டில் மறைந்த அவர்தம் சமாதியும் அங்கேயே அமைந்தது. அவர் துறவி; இல்லறத்தார் அவரைப்போல வீடின்றி வாழ்தல் இயலாது. ஆனால் வீட்டில் முடங்காத பொருளும் உழைப்பும் வேறோரிடத்திற் பயன்தரும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. சிறுமனை எஞ்சவிடும் செல்வம் பிள்ளையின் கல்வியாகவும், ஊரின் நூலகமாகவும், நோயாளியின் மருந்தாகவும் மாறவல்லது.

ஓர் ஐயம்

ஈண்டு ஒருவர் வினவலாம்: "ஏழையை நோக்கி, உள்ளதே போதும் என்று கூறுதல் அவனை ஒழுகும் கூரையின் கீழ் நிறுத்திவைக்கும் தந்திரமன்றோ?" இவ்வினா நேரிதே, தட்டிக்கழிக்கத்தக்கதன்று.

1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவு வீசிய பெருஞ்சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கூரைகளை வாரிச் சென்றது; தென்னைகள் ஆயிரமாயிரமாகச் சாய்ந்தன. நாட்டில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோர ஊர்களை அழித்தது. இவற்றின் பின்னரும், பல்லாண்டுப் போரில் வீடிழந்த பின்னரும் மக்கள் உறுதியான கல்வீட்டை வேண்டியது ஆசையன்று, அறிவேயாகும். கிடுகு வீட்டை அழகெனப் புகழ்ந்து பிறரை அதில் இருத்திவிட்டுத் தான் ஓட்டுவீட்டில் உறங்குவோனுடைய உபதேசம் செவிக்கொள்ளத்தக்கதன்று.

ஆகவே எளிமை வேறு, இடர் வேறு. காற்றுக்கு அசையாத சுவர், மழைக்கு ஒழுகாத கூரை, தூய குடிநீர், மலசலகூடம், பிள்ளை இருந்து படிக்க ஒரு விளக்கும் ஒரு மூலையும், பெண்ணுக்குத் தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு, முதியோர் படுக்க ஈரமற்ற தரை ஆகிய இவை ஆடம்பரமல்ல, மனித உரிமைகளாம். இவற்றைப் பெறும்வரை ஒருவன் முயன்றே ஆகவேண்டும். அரசும் ஊரும் அவனுக்குத் துணைநிற்றலும் வேண்டும். மனநிறைவு என்னும் அறம் இவற்றுக்கு அப்பாலே தொடங்குகின்றது. தேவைக்குரிய சுவர் எழுந்தபின், அயலாரின் கண்ணுக்காக எழுப்பப்படும் சுவர் எது என்று கேட்கும் அறிவே அது.

அளவு மறந்த காலம்

இன்று வாவியின் இருகரையிலும் கல்வீடுகள் எழுந்துள்ளன. அது நற்செய்தியே. ஆயின் அவற்றோடு, அத்திவாரம் மட்டும் இட்டு நிற்பனவும், சுவர் எழும்பிக் கூரையேறாது நிற்பனவும் காணக்கிடக்கின்றன. இதன் காரணங்களுள் ஒன்று வீட்டின் அளவைப் பற்றிய கணக்குப் பிழையாகும். போருக்குப் பின் இந்திய உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்திலே வீடொன்றுக்கு 550,000 ரூபாய் கொடைத்தொகை வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு 550 சதுர அடி என வகுக்கப்பட்டது. அளவோடு கட்டியோர் குடிபுகுந்தனர். அளவை மீறி அத்திவாரம் இட்டோர் எஞ்சிய வேலைக்குக் கடன்பட நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் சீமெந்தின் விலை இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தபோது, குறைவேலையாய் நின்ற வீடுகள் குறைவேலையாகவே தங்கின.

சீதனமோ இச்சுமையைப் பன்மடங்காக்குகின்றது. முன்னர் மகளுக்கு நிழலாக அமைந்த வீடு, படிப்படியாக மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் விலையாக மாறியது. "வீடு உண்டோ?" என்ற வினா "எத்துணைப் பெரிய வீடு?" என்று நீண்டது. அவ்வினாவுக்கு விடை தேடியே பல தாய்மார் பாலர் பருவத்து மக்களைப் பாட்டியிடம் விட்டு, மத்திய கிழக்கு நாடுகளிலே பிறர் வீட்டுப் பணிப்பெண்களாகின்றனர். தன் மகளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காக மகளுடன் ஒரே வீட்டில் வாழும் ஆண்டுகளை இழத்தல் எத்துணைக் கொடிய வணிகம்! தோரோ கூறிய விலையை வாவிக்கரைத் தாயே முழுமையாக இறுக்கின்றாள்.

உள்ளூரில் இருப்போரை நுண்கடன் பற்றியது. கிழமைதோறும் தவணை கேட்டு வாயிலில் வந்து நிற்கும் கடன் பெண்களை வாட்டியமையால், 2018-ஆம் ஆண்டில் வறட்சியுற்ற மாவட்டங்களிலே ஓரிலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. இக்கடன்கள் எல்லாம் வீட்டுக்காகப் பட்டவையல்ல. உழவுக்கும் நோய்க்கும் உணவுக்கும் பட்டவையும் பல. எனினும் அளவுக்கு மிஞ்சிய வீட்டையும் தோளிற் சுமப்பவள் சிறு இடர் வரினும் தாங்க மாட்டாள் என்பது தெளிவு.

கணக்கை எளிதாகவே போட்டுப் பார்க்கலாம். 1,650 சதுர அடிப் பரப்பில் ஒரு வீடு எழுப்பும் செங்கல்லும் சீமெந்தும் 550 சதுர அடி வீடுகள் மூன்றுக்கு ஏறத்தாழ ஈடாகும். முன்னதில் ஒரு மகளும், பலவேளை பூட்டியே கிடக்கும் அறைகளும் இருப்பர். பின்னதில் மூன்று மகளிர் தத்தம் அடுப்பை மூட்டுவர். வாவிநாட்டு முன்னோர் சதுர அடி அறிந்தவரல்லர். எனினும் இக்கணக்கை அறிந்திருந்தனர்.

கற்றோர் கடன்

இத்துயரை மாற்றும் ஆற்றல் யாரிடத்து உள்ளது? பெண்ணைப் பெற்றோரிடம் மட்டும் எளிமையைப் போதித்தல் பயன்படாது. கேட்பவர் குறைத்தாலன்றிக் கொடுப்பவர் குறைத்தல் இயலாது. பட்டமும் பதவியும் பெற்ற மணமகனுக்கே பெரிய வீடு கேட்கப்படுதல் இன்றும் வழக்கமாயுள்ளது. கல்லூரிப் படிப்பு ஒருவனுடைய விலையை உயர்த்துமாயின் அப்படிப்பினால் ஊருக்கு உண்டான நன்மை யாது? "எனக்குச் சிறு வீடு போதும், எஞ்சியதை இளையவளுக்கு வைத்திருங்கள், மாமா" என்று கற்ற இளைஞன் ஒருவன் சொல்வானாயின், அவ்வொரு வாக்கியம் ஒரு தாயை விமான நிலையத்திலிருந்து திருப்பி அழைத்துவரும், ஒரு தம்பியின் படிப்பை இடைமுறியாது காக்கும்.

கட்டுவோரும் சில கருதல் வேண்டும். இன்றைய தேவைக்கு உறுதியான இரண்டு அறைகள் கட்டி, நாளைய தேவைக்கு வளவில் இடம் விடுதல் அறிவுடைமை. மதிலின் உயரத்துக்குச் செலவிடும் பொருளைச் சாளரத்துக்கும் கூரையின் உறுதிக்கும் செலவிடுதல் நலம். தாழ்ந்த தாவாரமும் திண்ணையும் முற்றத்து மரமும் மண்வீட்டோடு மறைய வேண்டியனவல்ல. கல்வீட்டிலும் அவை வெம்மையைத் தணிக்கும். பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கிடுகன்று, அதன் அளவே.

ஒரு வீட்டின் பெருமையை அதன் வாயிலில் நின்று அளத்தல் பொருந்தாது. அவ்வீடு எழுந்தபின் அக்குடும்பத்தில் யாருக்கு வீடில்லாது போயிற்று என்று வினவியே அளத்தல் வேண்டும். ஒருவரும் விடுபடவில்லையெனின், அது எத்துணைச் சிறிதாயினும் நிறைந்த வீடேயாம்.